எறியம்பின் அமைப்பும் எறிபவன் கையும்

கருவி செம்மையாயின் கருமமும் செம்மையாகும் என்பது உலக வழக்கு. இதில் உண்மை உண்டு. ஆயினும் அது முழு உண்மையன்று. ஆய்வுகூடத்தில் விடை பிழைத்தவிடத்துத் தராசைக் குறைகூறும் மாணாக்கனையும், விளையாட்டு மைதானத்தில் ஆட்டமிழந்தபின் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் ஆட்டக்காரனையும் நாம் அறிவோம். அவர்கள் கூறுவது சில வேளைகளிற் சரியாகவும் இருக்கலாம். நேர்ந்த வழுவில் கருவிக்குரிய பங்கு எவ்வளவு, கைக்குரிய பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவதெங்ஙனம்? இவ்வினாவை ஆராய்தற்கு மிகச் சிறியதொரு கருவியை எடுத்துக்கொள்வோம். அது டார்ட்ஸ் என்னும் விளையாட்டிற் பயன்படும் எறியம்பு. அதன் நிறை பெரும்பாலும் 20 கிராமுக்கும் 26 கிராமுக்கும் இடைப்பட்டது. அதன் நீளமோ ஒரு சாணுக்கும் குறைவு. எனினும் அதனைத் திருத்தியமைக்கும் முயற்சியில் விசையியலின் அடிப்படை விதிகள் பலவும் வந்து கூடுகின்றன.

இவ்விளையாட்டு இங்கிலாந்தின் மதுச்சாலைகளில் வளர்ந்ததொன்று. வளர்ந்த இடம் நோக்கி அதனை ஒதுக்கிவிடுதல் கல்வியாளருக்கு அழகன்று. நிகழ்தகவுக் கணிதம் சூதாட்டத்தைப் பற்றிய வினாக்களிலிருந்து தோன்றியதன்றோ?

இலக்கும் அதன் அளவும்

இலக்குப் பலகை வட்டமானது. அது 20 ஆரைச்சிறைகளாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றும் ஓர் எண்ணைப் பெற்றிருக்கும். பலகையின் நடுப்புள்ளி நிலத்திலிருந்து 1.73 மீற்றர் உயரத்தில் இருத்தல் வேண்டும். எறிபவன் நிற்குங் கோடு பலகையின் முகத்திலிருந்து 2.37 மீற்றர் தொலைவிலுள்ளது. பலகையின் வெளிவிளிம்பில் இரட்டிப்பு வளையமும், உட்புறத்தே மும்மடங்கு வளையமும் உள. இவ்வளையங்களின் அகலம் 8 மில்லிமீற்றர் மாத்திரமே. மும்மடங்கு வளையத்தில் ஓர் எண்ணுக்குரிய கட்டம் ஏறக்குறைய 32 மில்லிமீற்றர் நீளமுடையது. மூன்று அம்புகளும் 20 என்னும் எண்ணுக்குரிய இச்சிறு கட்டத்துள்ளே தைத்தால் ஆட்டக்காரன் ஒருமுறையிற் பெறக்கூடிய மிகவுயர்ந்த புள்ளியாகிய 180 கிடைக்கும். 20இன் இருமருங்கும் 1, 5 என்னும் சிற்றெண்கள் வைக்கப்பட்டிருத்தலால் சற்று விலகினாலும் தண்டனை பெரிதாகும்.

இவ்விலக்கை அடிப்பதற்குக் கை எவ்வளவு திருத்தமாக இயங்கவேண்டும் என்பதை முதலிற் கணித்தறிதல் நன்று. எறிபவன் கை கோட்டுக்கு முன்னே நீண்டு அம்பை விடுவதால் அம்பு செல்லுந் தூரத்தை 2 மீற்றர் எனவும், அதன் கதியைச் செக்கனுக்கு 6 மீற்றர் எனவும் கொள்வோம். அம்பு மூன்றிலொரு செக்கனிற் பலகையை அடையும். அந்நேரத்துள் புவியீர்ப்பினால், அது விடப்பட்ட நேர்கோட்டிலிருந்து ஏறக்குறைய 54 சதமமீற்றர் கீழிறங்கும். இவ்விறக்கத்தைக் கருதியே கை அம்பைச் சற்று மேல்நோக்கி விடுகின்றது. இனி, கதி நூற்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டதெனக் கொள்க. இறக்கம் கதியின் வர்க்கத்துக்கு நேர்மாறாதலால் அது நூற்றில் இரு பங்கு மிகும்; அதாவது அம்பு 11 மில்லிமீற்றர் தாழ்ந்து தைக்கும். வளையத்தின் அகலமோ 8 மில்லிமீற்றர். எனவே நூற்றிலொரு பங்கு வழுவும் அங்கு பொறுக்கப்படமாட்டாது. திசையிலும் அவ்வாறே. வளையத்தின் மையத்தைக் குறிவைத்தவனுக்கு மேலும் கீழும் 4 மில்லிமீற்றர் இடமே உண்டு. 2 மீற்றர்த் தொலைவில் அஃது ஒரு பாகையின் ஒன்பதிலொரு பங்களவான கோணமாகும்.

இவ்விரு வழுக்களும் கையினின்று பிறப்பவை. அம்பு விரல்களை விட்டு நீங்கிய கணத்தில் அதன் புவியீர்ப்பு மையம் பெற்ற வேகமும் திசையும் பெரும்பாலும் முடிந்த முடிபாகிவிடுகின்றன. எவ்வளவு விலையுயர்ந்த அம்பாயினும் தவறாக எறியப்பட்டபின் இலக்கை நாடித் திரும்பமாட்டாது. அவ்வாறாயின் அம்பைத் திருத்துவதாற் பயன் யாது? கையின் வழுவோடு தன் வழுவையும் கூட்டாதிருத்தலே நல்ல அம்பின் பயன் என்க. கூட்டக்கூடிய வழுக்கள் நான்கு. அம்பு பறக்கையில் ஆடுதல் ஒன்று. மூன்று அம்புகளும் தம்முள் ஒவ்வாதிருத்தல் ஒன்று. முன் தைத்த அம்பு பின் வருவதற்கு இடம் மறுத்தல் ஒன்று. சரியாகச் சென்றடைந்தும் பலகையிற் தங்காது தெறித்து வீழ்தல் ஒன்று. எறியம்பு அமைப்பின் வரலாறு இந்நான்கையும் ஒவ்வொன்றாகக் குறைத்த வரலாறேயாம்.

உறுப்புக்கள் நான்கு

பழைய எறியம்புகள் மரத்தால் ஆக்கப்பட்டவை. அவற்றின் முன்பாகத்தில் ஈயம் பொதிந்து, பின்புறத்திற் பறவையிறகு செருகியிருந்தனர். பிரான்சிலிருந்து வந்தமையால் இங்கிலாந்து மக்கள் அவற்றைப் பிரெஞ்சு அம்புகள் என வழங்கினர். அக்காலத்துப் பலகைகளும் மரத்தாலாயவை. பெரும்பாலும் எல்ம் மரத்தின் குறுக்குவெட்டுத் துண்டுகள். அவை உலர்ந்து வெடியாதிருத்தற்கு நீரில் ஊறவைத்தல் வேண்டும். 1930களில் நோடோர் என்னும் நிறுவனத்தார், சிசல் எனப்படும் கற்றாழையினத் தாவரத்தின் நாரைச் செறிவாகக் கட்டி, நாரின் நுனிகள் முன்னோக்கி நிற்குமாறு பலகை செய்தனர். முனை நார்களை விலக்கிக்கொண்டு உட்செல்லும். அம்பை எடுத்தபின் நார்கள் மீண்டும் நெருங்கித் துளை மறையும். மரத்தைத் துளைக்கவேண்டிய தேவை நீங்கவே அம்பின் அமைப்பிலும் புதிய வழிகள் திறந்தன.

இக்காலத்து அம்பு நான்கு உறுப்புக்களையுடையது. பலகையிற் தைக்கும் உருக்கு முனை, விரல்கள் பற்றும் உலோக உடல், உடலின் பின்னே திருகிப் பூட்டப்படும் தண்டு, தண்டின் நுனியிலுள்ள இறகு என்பன அவை. இறகு என்பது இன்று பறவையிறகன்று. நான்கு சிறகுகளாக மடிக்கப்பட்ட மெல்லிய பிளாத்திக்குத் தாள். ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே மாற்றத்தக்கதாயிருத்தல் இவ்வமைப்பின் சிறப்பு.

ஆட்டத்தை அடக்கல்

விரலை விட்டு நீங்கும் அம்பின் முனை, அது செல்லும் திசையோடு முற்றும் ஒன்றியிருப்பதில்லை. விரல்கள் விடும் வேளையில் வால் சற்று மேலாகவோ பக்கமாகவோ தள்ளப்பட்டுவிடும். அப்போது காற்று இறகின் மேற் சாய்வாக மோதி வாலைப் பழைய வழிக்குத் தள்ளுகின்றது. இது நிகழ்தற்கு ஒரு நிபந்தனை உண்டு. காற்றின் விசை தாக்கும் புள்ளியாகிய அமுக்க மையம், அம்பின் புவியீர்ப்பு மையத்துக்குப் பின்னே இருத்தல் வேண்டும். முன்னே இருக்குமாயின் காற்று வாலைத் திருத்துவதற்குப் பதிலாக அம்பையே கவிழ்த்துவிடும். வில்லம்பின் வாலில் இறகு கட்டுவதும் இக்காரணம் பற்றியே.

இவ்விரு மையங்களின் நிலை எத்துணை முக்கியமானது என்பதற்கு ஈட்டியெறிதல் ஓர் எடுத்துக்காட்டாகும். 1984ஆம் ஆண்டிற் கிழக்கு ஜேர்மனியைச் சேர்ந்த உவே ஹோன் ஈட்டியை 104.80 மீற்றர் தூரம் எறிந்தார். மைதானங்கள் அத்தூரத்துக்குப் போதாவென்ற அச்சமும், ஈட்டி கிடையாக வீழ்வதால் எழுந்த பிணக்குகளும் ஒருங்கு சேரவே, 1986ஆம் ஆண்டில் ஆடவர் ஈட்டியின் புவியீர்ப்பு மையம் 4 சதமமீற்றர் முன்னே நகர்த்தப்பட்டது. நீளமும் நிறையும் மாறாதிருக்க, அச்சிறு மாற்றத்தாலேயே ஈட்டி முனை தாழ்ந்து விரைவில் நிலத்திற் குத்தலாயிற்று.

காற்று வாலைத் திருத்தும்போது வால் நேர்நிலையில் உடனே நின்றுவிடுவதில்லை. ஊசற்குண்டு நடுவைக் கடந்து மறுபுறஞ் செல்வதுபோல அதுவும் மறுபுறஞ் சென்று மீளும். இவ்வலைவுகள் படிப்படியாக ஒடுங்கும். ஆனால் எறியம்புக்கு இரண்டு மீற்றரே வழி. ஒடுங்குதற்குப் போதிய நேரமில்லை. ஆதலின் பலகையை அடையும் கணத்தில் அம்பு அலைவின் எந்நிலையில் உள்ளது என்பது முக்கியமாகின்றது.

இவ்விடத்து மாணாக்கர் சிந்திக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. கதி மிகுந்தால் காற்றின் திருத்தும் விசை கதியின் வர்க்கத்துக்கு ஏற்ப மிகும். ஆகவே அலைவின் விரைவு கதிக்கு நேர்விகிதமாக மிகும். அம்பும் அதே விகிதத்தில் விரைந்து செல்கின்றது. எனவே ஓர் அலைவு முற்றுப்பெறுதற்கு அம்பு கடக்கும் தூரம் கதியைப் பொறுத்து மாறுவதில்லை. அத்தூரத்தை நிருணயிப்பது அம்பின் அமைப்பே. இறகின் பரப்பையும் தண்டின் நீளத்தையும் மாற்றி அத்தூரத்தைத் தன் எறிக்கு ஏற்பச் செய்துகொள்ளல் அமைப்பாளன் கையிலுள்ளது. அம்பைத் திருத்துவதில் உண்மையான இடம் இதுவேயாம்.

பெரிய இறகு விரைவில் திருத்தும். ஆனால் காற்றின் தடையை மிகுத்து, பலகையிற் கூடிய இடத்தையும் அடைத்துக்கொள்ளும். சிறிய இறகு இடம் விடும். ஆனால் எறியிலுள்ள ஆட்டத்தை மெதுவாகவே அடக்கும். நீண்ட தண்டு இறகைப் பின்னே கொண்டுசென்று அதன் திருப்பத்தை மிகுக்கும். ஆனால் வாலின் பாரத்தையும் பின்னே கொண்டுசெல்லும். இப்பாரம் எவ்வளவு தீங்கு செய்யும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாயிருக்கும். 22 கிராம் நிறையும் 5 சதமமீற்றர் நீளமுமுடைய உடலை ஒரு சீரான கோலெனக் கொண்டால், அதன் மையம்பற்றிய சடத்துவத் திருப்பம் ஏறக்குறைய 46 அலகாகும். அம்மையத்திலிருந்து 8 சதமமீற்றர் பின்னே 1 கிராம் மாத்திரம் வைத்தால் அதன் சடத்துவத் திருப்பம் 64 அலகாகும். 22 கிராம் உலோகத்தைவிட வாலிலுள்ள ஒரு கிராம் அம்பைத் திரும்பவொட்டாது கூடுதலாகத் தடுக்கின்றது! தூரத்தின் வர்க்கம் செய்யும் வேலை இது. இறகு தாளாகிப் பின் பிளாத்திக்குத் தாளாகியதும், தண்டு மரத்தினின்று நைலோன், அலுமினியம், காபன் நார் என மாறியதும் இக்காரணத்தினாலேயாம்.

ஒத்த மூன்று

ஆட்டக்காரன் ஒரு முறைக்கு மூன்று அம்புகளை எறிகின்றான். முதலம்பின் வீழ்ச்சி கண்டு இரண்டாவதைத் திருத்துகின்றான். அம்புகள் மூன்றும் ஒத்திராவிடின் இத்திருத்தம் பொருளற்றதாகும். ஓரம்பு மற்றையதைவிட 1 கிராம் கூடியதெனக் கொள்வோம். 22 கிராமில் அது நூற்றுக்கு நாலரைப் பங்கு. கையின் திணிவு அம்பின் திணிவிலும் மிகப் பெரிதாதலால் இவ்வேறுபாட்டிற் சிறு பங்கே கதியிற் தோன்றும். பத்திலொரு பங்கு தோன்றுமெனக் கொண்டாலும், முன்னர்க் கண்ட கணக்கின்படி அம்பு 5 மில்லிமீற்றர் தாழ்ந்து தைத்து வளையத்தை இழக்கும்.

மரத்தின் அடர்த்தி இடத்துக்கிடம் மாறுபடுதலால் மரவம்புகளில் இவ்வொப்புமையைப் பெறுதல் அரிது. உலோகத்தைக் கடைசற் பொறியிற் கடைந்தால் அதனைப் பெறலாம். 1937ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் யூனிகோர்ன் நிறுவனத்தார் திருத்தமாகக் கடைந்த உலோக அம்புகளை நிறை ஒப்பிட்டு மும்மூன்றாக விற்கத் தொடங்கினர். கவர்ச்சியற்ற மாற்றமாயினும் ஆட்டத்தைக் கலையாக்கியது இதுவே எனலாம். தன் வழுவைக் கண்டு திருத்துதற்கு ஆட்டக்காரனுக்கு முதன்முதலாக நம்பத்தக்க சான்று கிடைத்தது.

இடம் விடும் உலோகம்

உலோக உடல்கள் நெடுங்காலம் பித்தளையாலேயே ஆக்கப்பட்டன. 1970களின் தொடக்கத்தில் தங்குதன் கலப்புலோகம் வந்தது. தங்குதனின் அடர்த்தி ஒரு கன சதமமீற்றருக்கு 19.3 கிராம், பித்தளையினது ஏறக்குறைய 8.5 கிராம். 22 கிராம் நிறையுடைய 5 சதமமீற்றர் நீள உருளையைப் பித்தளையிற் செய்தால் அதன் விட்டம் 8.1 மில்லிமீற்றராகும், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தங்குதனுடைய, 17 கிராம் அடர்த்தியுள்ள கலப்புலோகத்திற் செய்தால் 5.7 மில்லிமீற்றராகும். பித்தளையுடல் மும்மடங்கு வளையத்தின் அகலம் முழுவதையும் அடைக்கத் தங்குதனுடல் இடம் விடுகின்றது.

தங்குதன் 3,422 பாகை செல்சியசிலேயே உருகும். தனித்து நிற்கையில் நொறுங்குந் தன்மையுமுடையது. ஆதலின் அதனை உருக்கி வார்ப்பதில்லை. அதன் பொடியை நிக்கல் முதலிய உலோகப் பொடிகளோடு கலந்து அச்சில் அமுக்கி, ஏறக்குறைய 1,500 பாகைக்குச் சூடாக்குவர். நிக்கற் பகுதி உருகித் தங்குதன் மணிகளைப் பிணைத்துவிடும். அதன்பின் அது கடைதற்கு இணங்கும்.

இம்மாற்றத்தால் அம்பு முன்னையிலும் நேராகப் பறந்தது எனப் பலர் எண்ணுகின்றனர். தனியோர் அம்பை எறிபவனுக்குத் தங்குதனாற் பெரும் பயனில்லை. அதன் பயன் இரண்டாவது, மூன்றாவது அம்புகளிலேயே தோன்றும். முன் சென்றது ஒதுங்கி நிற்பதால் பின் வருவது இலக்கை அடைகின்றது. வாலை அடக்குவதும் இதற்குத் துணைசெய்யும். 15 சதமமீற்றர் நீளமுள்ள அம்பு 10 பாகை சாய்ந்து தைத்தால் அதன் வால் 2.6 சதமமீற்றர் விலகிக் கட்டத்தின் முன்னே திரையிட்டு நிற்கும். சுழலுந் தண்டுகள் செய்யப்பட்டதும் இக்குறை நோக்கியே. வரும் அம்பு தொட்டதும் நிற்கும் அம்பின் இறகு சுழன்று வழிவிடும்.

தெறித்தலைத் தடுத்தல்

கட்டங்களைப் பிரிக்கும் கம்பியில் முனை நேரே மோதினால் அம்பு தெறித்து வீழும். அவ்வெறிக்குப் புள்ளியில்லை. இதற்கு இருவகைப் பரிகாரம் காணப்பட்டது. ஒன்று பலகையைத் திருத்தல். பழைய உருட்கம்பிகளுக்குப் பதிலாகக் கத்தியலகுபோன்ற மெல்லிய தகடுகள் வைக்கப்பட்டன. முனை அவற்றில் வழுக்கி ஒரு பக்கஞ் செல்லும். மற்றையது அம்பைத் திருத்தல். முனையை உடலில் இறுக்காமற் சிறிது முன்பின் நகருமாறு அமைத்தனர். கம்பியில் மோதிய முனை மாத்திரம் ஒரு கணம் நிற்க, பின்னே வரும் உடல் தன் உந்தத்தோடு சம்மட்டிபோல அதனை அடிக்கும். முழுவம்பும் ஒன்றாகத் திரும்பித் தெறித்தற்குப் பதிலாக முனை கம்பியைக் கடந்து நாரினுட் செலுத்தப்படும். எனினும் நகரும் உறுப்புத் தேய்தலும் தளர்தலும் உடையதாதலின் ஒரு வழுவை நீக்க வந்தது மற்றொரு வழுவுக்கு இடங்கொடுத்தலும் கூடும்.

திருத்துபவன் கொள்ளவேண்டிய முறை

மேற்கூறியவற்றால் எல்லார்க்கும் ஏற்ற சிறந்த அம்பு என ஒன்று இல்லையென்பது பெறப்படும். வாலை மிக ஆட்டி விடுபவனுக்குப் பெரிய இறகு நன்மை. ஆட்டமின்றி விடுபவனுக்குச் சிறியது நன்மை. பற்றிடத்தை விரலுணர்ந்து கொள்ளுமாறு உடலில் வெட்டப்படும் வரிகளும் அத்தகையனவே. அவை மழுங்கினால் விரல் வழுக்கும்; மிகக் கூர்மையானால் அம்பு விரலிற் சிக்கிப் பிந்தி நீங்கும்.

ஆதலின் தன் அம்பைத் திருத்த விரும்புபவன் ஆய்வுகூடத்தில் நாம் மாணாக்கருக்குக் கற்பிக்கும் முறையையே கைக்கொள்ளல் வேண்டும். ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக. ஏனையவற்றை மாறாது வைக்க. ஒவ்வோர் அமைப்பிலும் ஐம்பது எறிகளேனும் எறிந்து, அம்புகள் தைத்த இடங்களைத் தாளிற் குறிக்க. குறிகள் நெருங்கிக் கூடியும் இலக்கிலிருந்து ஒரே பக்கம் விலகியும் இருந்தால் அது முறைமையான வழு. குறிவைக்கும் இடத்தையோ அமைப்பையோ மாற்றித் திருத்தலாம். குறிகள் எங்கும் சிதறியிருந்தால் அஃது எழுமாற்று வழு. அதனைக் குறைப்பது பயிற்சி. ஐந்தெறி எறிந்து இறகை மாற்றி, அதன்பின் ஐந்தெறி எறிந்து தண்டையும் மாற்றுபவன் பணத்தைச் செலவிடுவானேயன்றி அறிவைப் பெறான்.

1980க்கும் 1986க்கும் இடையில் ஐந்துமுறை உலகப் பட்டம் வென்ற எரிக் பிரிஸ்டோ என்பவர் 1980களின் பிற்பகுதியில் ஒரு விசித்திரமான இடர்ப்பாட்டுக்கு ஆளானார். எறிய உயர்த்திய கையிலிருந்து அம்பை விட அவரால் இயலவில்லை. விரல்கள் விரிய மறுத்தன. உலகின் மிகச் சிறந்த அம்புகளைப் பெறத்தக்க நிலையிலிருந்த அவருக்கு எவ்வம்பும் அவ்வேளையில் உதவவில்லை. இதனாற் கருவி வீணென்பது கருத்தன்று. தன் குறையை முற்றும் நீக்கிக்கொண்ட கருவி, எஞ்சிய குறை யாருடையது என்பதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டிவிடுகின்றது. பழைய மரவம்பை எறிந்தவன் தவறினால் மரத்தை நோகலாம். ஒத்த நிறையும் அடங்கிய வாலும் உடைய இன்றைய அம்பை எறிபவனுக்கு அந்த ஆறுதல் இல்லை. ஆய்வுகூடத்திலே தராசு பழுதெனக் கூறும் மாணாக்கனுக்கு நாம் செய்யவேண்டுவதும் இதுவே. முதலில் தராசை அவன் முன்னிலையிற் சோதித்துச் சரிசெய்தல் வேண்டும். அதன்பின் அவன் தன் கையைத் தானே நோக்குவான்.